குள்ளமான கார்ட் யாரை மறிப்பான்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதிச்சுற்று ஆட்டங்கள் கோலாலம்பூரில் பசியாறும் நேரத்தில்தான் தொடங்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஒன்பது மணி அடிக்கும்போது நமக்கு மறுநாள் காலை ஒன்பது மணியாகிவிடும் என்பதால், வேலைக்குப் போகிற என்னைப் போன்றவர்கள் இந்த ஆட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பாதி திருட்டுத்தனமாகவே பார்த்து வருகிறோம். 2011 ஜூன் 8, புதன்கிழமை காலையிலும் அலுவலகக் கணினியின் ஒரு மூலையில் புள்ளிப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவருக்கே கிண்ணம் என்ற தொடரில் மயாமி ஹீட் குழு 2-1 என்று முன்னிலையில் இருந்தது. நான்காவது ஆட்டத்தில் டல்லஸ் மேவரிக்ஸ் குழு இறக்கிய முதல் ஐவரின் பெயர்களில் ஹோசே ஹுவான் பரேயாவின் பெயரைக் கண்டதும், யாரோ தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கார்ட், அதாவது வளையத்திலிருந்து தள்ளி நின்று பந்தைக் கொண்டுவந்து ஆடுபவர். ஏட்டில் அவருடைய உயரம் 183 சென்டிமீட்டர். நேரில் அதைவிடக் குறைவுதான் என்பது அவர் மற்றவர்களுக்கு அருகில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

அந்தக் காலைப் பொழுதை இப்போது நினைவுக்குக் கொண்டுவந்தவன் என் அக்காள் மகன். செந்தூலில் இருக்கிறான், படிவம் நான்கில் படிக்கிறான், 168 சென்டிமீட்டர் உயரம். பள்ளிக் குழுவில் அதிகப் புள்ளிகள் எடுப்பவன் அவன்தான். ஆனாலும் பயிற்றுநர் அவனைத் தொடக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஆட்டம் சற்று நகர்ந்த பிறகே இறக்குகிறார். அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் சிமெண்டுத் திடலில் ஒரு மாலை முழுவதும் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் கேட்டான்: “மாமா, கிண்ணம் ஜெயிக்கிற குழுவில் என்னை மாதிரிக் குள்ளமான ஆள் முதலிலிருந்தே ஆட முடியாதா?” முடியும் என்று உடனே சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி ஏறக்குறைய அதே சொற்களில் 1996ஆம் ஆண்டு என் வாயிலிருந்தும் வந்தது. அப்போது எனக்குக் கிடைத்த பதில் வெறும் தோள்தட்டல்தான் என்பதால், இவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

குள்ளம் என்ற சொல்லையே முதலில் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். என்பிஏவில் குள்ளம் என்று பேசப்படும் பலர் 185 முதல் 191 சென்டிமீட்டர் வரை உயரம் உள்ளவர்கள். அப்படி ஒருவர் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தால், மறுபேச்சில்லாமல் அவரைச் சென்டராக நிறுத்தி வளையத்துக்கு அடியில் காவல் வைத்திருப்பார்கள். எதிரில் நிற்பவன் யார் என்பதைக் கொண்டுதான் ஒருவன் குள்ளனா இல்லையா என்பது முடிவாகிறது. இனி நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த எதிராளியைப் பற்றியவைதான்.

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு மாண்டா எல்லிஸ். ஒரு காலத்தில் நான் அவருடைய தீவிர ரசிகன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 191 சென்டிமீட்டர் உயரமும் ஒல்லியான உடலும் கொண்ட அவர், உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக, புதிய ஆட்டக்காரர்களைக் குழுக்கள் வரிசையாகப் பொறுக்கியெடுக்கும் 2005ஆம் ஆண்டுத் தேர்வில் 40ஆவது ஆளாக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் குழுவுக்கு வந்தவர். வேகத்தில் அவருக்கு ஈடு சொல்ல அப்போது ஒரு சிலரே இருந்தார்கள். 2009–10 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 25.5 புள்ளிகள் எடுத்தார். அதே பருவத்தில்தான் ஸ்டீபன் கரி அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்தார். அவருடைய உயரம் 188 சென்டிமீட்டர். இருவரும் சிறியவர்கள், இருவரும் சேர்ந்து ஆடி வெல்ல முடியாது என்று பருவத் தொடக்கத்திலேயே எல்லிஸ் வெளிப்படையாகச் சொன்னார். பலர் அதைப் பொறாமை என்றார்கள். ஆனால் கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது: அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 26 மட்டுமே வென்றது, அதற்கடுத்த பருவத்தில் 36.

2012 மார்ச் மாதம் நிர்வாகம் எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு, அதற்கு ஈடாக ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ போகட்டைப் பெற்றது. போகட் 213 சென்டிமீட்டர் உயரமுள்ள சென்டர். அந்த நேரத்தில் காயம்பட்டு ஆட முடியாத நிலையில் இருந்தவர். சில நாள்களில் பழைய நட்சத்திரம் கிறிஸ் முல்லினைச் சிறப்பிக்கும் விழாவில் குழுவின் உரிமையாளர் ஜோ லேக்கப் ஒலிவாங்கியைப் பிடித்தபோது, ரசிகர்கள் அவரைப் பேசவிடாமல் கூச்சலிட்டுத் தீர்த்தார்கள். நான் அந்த அரங்கில் இருந்திருந்தால் என் குரலும் அதில் கலந்திருக்கும். நொண்டிக் குதிரைக்குப் பந்தயக் குதிரையை விற்றுவிட்டார்கள் என்று மாமாக் கடையில் உட்கார்ந்து நண்பர்களிடம் அப்போது புலம்பியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்றே ஆண்டுகளில், 2015இல், நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வாரியர்ஸ் வெற்றியாளரானது.

என் அக்காள் மகன் இந்த இடத்தில் குறுக்கிட்டு, அப்படியானால் கரியும் சிறியவர்தானே, அவர் எப்படி முதலிலிருந்தே ஆடினார் என்று கேட்டான். சரியான கேள்வி. எல்லிஸுக்கும் கரிக்கும் உயர வேறுபாடு மூன்று சென்டிமீட்டர். அதிலும் எல்லிஸ்தான் உயரமானவர். ஆக, அளவுநாடா இதற்குப் பதில் தராது. கரியின் கையில் பந்து இல்லாதபோதும் எதிர்க்குழுவின் ஒரு ஆள், சில வேளைகளில் இரண்டு ஆள்கள், அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் வளையத்திலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்றும் போட்டுவிடுவார். எல்லிஸுக்கோ பந்து கையில் இருந்தால்தான் வாழ்வு. தூரத்து எறிதலில் அவர் நம்பத்தக்கவர் அல்லர் என்பதால், பந்து வேறொருவரிடம் இருக்கும்போது அவரை மறிப்பவன் நிம்மதியாக உள்ளே தள்ளி நின்று மற்றவர்களுக்கு உதவுவான். சிறிய உடலோடு தற்காப்பில் ஒரு கடனை வைப்பவன், தாக்குதலில் அதை அசலும் வட்டியுமாக அடைக்க வேண்டும். கரி அடைத்தார், எல்லிஸ் புள்ளிகளை எடுத்தாலும் கடன் மீதமிருந்துகொண்டே இருந்தது.

இன்னொரு பாதி, கரியைச் சுற்றி நின்ற மற்றவர்களுடையது. 2011ஆம் ஆண்டுத் தேர்வில் வந்த கிளே தாம்ப்சன் 198 சென்டிமீட்டர் உயரம். எதிர்க்குழுவில் அபாயமான கார்ட் எவனோ அவனை மறிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டு, கரிக்கு எளிதான ஆளை விட்டுவைத்தார். இத்தனைக்கும் தாம்ப்சன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பவர் அல்லர். வாங்கிய கையோடு எறிபவர். அவர்களுக்குப் பின்னால் போகட்டும் டிரேமண்ட் கிரீனும் நின்றார்கள். சிறிய கார்ட் ஒருவனைத் தாண்டி எதிராளி உள்ளே புகுந்துவிட்டால், அங்கே வளையத்தடியில் ஒரு மதில் இருக்க வேண்டும். எல்லிஸை விற்று வாங்கியது அந்த மதிலைத்தான் என்பது எனக்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் உறைத்தது. 2015 இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டத்தில் போகட்டையே பெஞ்சுக்கு அனுப்பி இகுடாலாவை இறக்கினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றுவரை குழுவைக் கொண்டுவந்து சேர்த்த தற்காப்பில் போகட்டின் பங்கை அதை வைத்துக் குறைத்துவிட முடியாது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் அடுத்த ஆண்டே அது உடைபட்டது. 2016 இறுதிச்சுற்றில் 3-1 என்று பின்தங்கியிருந்த கிளீவ்லண்ட், கரி எவனை மறிக்கிறாரோ அவனையே ஸ்கிரீன் வைக்க, அதாவது பந்துள்ளவனை மறிப்பவனின் வழியில் குறுக்கே நிற்க, வரச்சொல்லி, கரியை வலுக்கட்டாயமாக லெப்ரான் ஜேம்ஸுக்கும் கைரி இர்விங்குக்கும் எதிரில் இழுத்து நிறுத்தியது. ஏழாவது ஆட்டம் 89-89 என்று சமநிலையில், 53 விநாடி மீதமிருந்தபோதும் அதையேதான் செய்தார்கள். ஸ்கிரீனுக்குப் பிறகு இர்விங்கின் எதிரில் தாம்ப்சனுக்குப் பதில் கரி நின்றார். இர்விங் அவருடைய தலைக்கு மேல் மூன்று புள்ளி எறிந்தார். 92-89. ஆட்டம் 93-89 என்று முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை, இர்விங்கும் 188 சென்டிமீட்டர்தான். அதாவது குள்ளமான கார்டால் இழந்த கிண்ணத்தை வென்றுகொடுத்தவரும் ஒரு குள்ளமான கார்ட். இர்விங்குக்குப் பக்கத்தில் லெப்ரான் இருந்தார் என்பதை மறந்துவிட்டு இதை எவரும் மேற்கோள் காட்டக்கூடாது.

பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசினால் இக்காலப் பையன்களுக்குச் சலிப்பு வரும். ஆனாலும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் குழுவைச் சொல்லாமல் விட முடியாது. 185 சென்டிமீட்டர் உயரமுள்ள ஐசாயா தாமஸ் முதல் ஐவரில் நின்று 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கிண்ணம் வென்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஜோ டூமார்ஸும் 191தான். ஆனால் மைக்கேல் ஜார்டனை மறிக்கும் வேலை டூமார்ஸுடையது, தாமஸுடையது அல்ல. இரண்டு சிறியவர்களை ஒருசேர இறக்கினாலும், அவர்களில் ஒருவன் பெரியவனைப் போலத் தற்காக்கத் தெரிந்தவனாக இருந்தால் ஓடம் கவிழாது. போர்ட்லண்டில் டேமியன் லில்லார்டும் சிஜே மெக்கோலமும் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியும், அந்த டூமார்ஸ் யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. 2019 மேற்குப் பிரிவு இறுதியில் வாரியர்ஸிடம் நான்குக்குச் சுழி என்று தோற்றார்கள்.

ஆலன் ஐவர்சனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றித் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 183 சென்டிமீட்டர். அவரைச் சுற்றி எரிக் ஸ்னோ, முட்டோம்போ என்று தற்காப்பாளர்களையே நிறுத்திவைத்து 2001இல் பிலடெல்பியா இறுதிச்சுற்றுக்கு வந்தது. லேக்கர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 48 புள்ளிகள் எடுத்துக் கூடுதல் நேரத்தில் வென்றுகொடுத்தார்; அதன்பின் நான்கு ஆட்டங்களும் போயின. தற்காப்புக்காகவே நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி எடுக்க வேறு ஆள் இருக்கமாட்டான் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் விலை.

இன்னொரு தாமஸ், 175 சென்டிமீட்டர் ஐசேயா தாமஸ், 2016–17 பருவத்தில் பாஸ்டனுக்காக ஓர் ஆட்டத்துக்கு 28.9 புள்ளிகள் எடுத்தார். குழு 53 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. கிழக்கு இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் இடுப்புக் காயத்தால் அவர் வெளியேறினார். அவர் இல்லாமல் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில், அவருக்குப் பதிலாக இறங்கிய மார்கஸ் ஸ்மார்ட் 27 புள்ளிகள் எடுக்க, கிளீவ்லண்டை அதன் சொந்த அரங்கிலேயே பாஸ்டன் வென்றது. அந்த ஒரே ஆட்டத்தைக் காட்டித் தாமஸ் குழுவுக்குச் சுமை என்று பேசியவர்களை நான் ஏற்பதில்லை. தொடர் 4-1 என்றுதான் முடிந்தது. ஆனால் அந்தக் கோடையிலேயே அவரை நிர்வாகம் விற்றுவிட்டது. 2024இல் அதே பாஸ்டன் கிண்ணம் வென்றபோது முதல் ஐவரில் நின்ற இரண்டு கார்டுகளும், ஜ்ரூ ஹாலிடேயும் டெரிக் வைட்டும், 193 சென்டிமீட்டர் உயரமும் தற்காப்பில் பெயரும் உள்ளவர்கள். 185 சென்டிமீட்டர் பேட்டன் பிரிட்சர்ட் பெஞ்சிலிருந்து வந்தார்; இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் முதல் பாதி முடியும் மணி ஒலிக்க நடுக்கோட்டருகே நின்று எறிந்து வளையத்தில் விழுத்தினார்.

பெஞ்ச் என்றதும் என் அக்காள் மகனின் முகம் சுருங்கியது. எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது. 1996இல் நான் 167 சென்டிமீட்டர். சீன மாணவர்களே நிறைந்த குழுவில் ஒரே தமிழன். அதிகப் புள்ளி என்னுடையது. மாவட்ட அரையிறுதியில் பயிற்றுநர் என்னை உட்காரவைத்துவிட்டு, என்னைவிட நன்றாக எறியத் தெரியாத ஒரு நெட்டையனை இறக்கினார். என் இனத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார் என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். வீட்டில் அப்படியே சொல்லியும் வைத்தேன். எதிர்ப்பள்ளியின் கார்ட் ஒருவன் 180 சென்டிமீட்டர் உயரத்தில், வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தன்னை மறிப்பவனைத் தள்ளிக்கொண்டே உள்ளே போகும் பழக்கமுள்ளவன் என்பதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாவது நிமிடம் என்னை இறக்கினார்கள். அடுத்த மூன்று முறையும் அவன் என்னைத் தேடி வந்தான். மூன்று முறையும் புள்ளி. பயிற்றுநர் என்ன நினைத்தார் என்பதை அவர் ஒருநாளும் என்னிடம் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அவர்மீது இருபது ஆண்டு மனத்தாங்கல் எனக்கு மிஞ்சியிருக்காது. ஒரு பையனைப் பெஞ்சில் வைக்கும் உரிமை பயிற்றுநருக்கு உண்டு, காரணம் சொல்லும் கடமையும் அதே அளவுக்கு உண்டு என்பதில் இன்றும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பெஞ்சிலிருந்து வந்தவர்கள் கிண்ணத்தை முடித்துவைத்த கதைகள் ஏராளம். 1990இல் பிஸ்டன்ஸுக்குக் கடைசி ஆட்டத்தை 0.7 விநாடி மீதமிருக்கையில் வென்றுகொடுத்த வின்னி ஜான்சன் பெஞ்ச் ஆட்டக்காரர். 2019இல் டொராண்டோவுக்குப் பெஞ்சிலிருந்து வந்து கரியை நிழல்போல் தொடர்ந்த ஃப்ரெட் வான்வ்லீட், எந்தக் குழுவும் தேர்வில் எடுக்காத ஆள். ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளிகள் எடுத்தார், இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் ஒரு வாக்கும் பெற்றார். இதையெல்லாம் சொன்னபோது அவன் மரியாதைக்காகத் தலையாட்டினான். பதினாறு வயதில் எவனும் கடைசி நிமிடத்தில் யார் ஆடினார்கள் என்று பார்ப்பதில்லை. பெயர் சொல்லி அழைக்கும்போது யார் ஓடி வருகிறார்கள் என்றுதான் பார்ப்பான்.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும் என்றான். ஜாலான் ஹாங் ஜெபாட்டில் இருக்கும், மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கம் அவனுக்குத் தெரியும். 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக் கிண்ணத்தை வென்ற மலேசியா டிராகன்ஸ் குழுவை இயக்கியவர் ஜேசன் பிரிக்மன்; உயரமானவர் அல்லர். ஆனால் அவருடைய பெருமை பந்தைப் பரிமாறுவதில் இருந்தது, புள்ளி எடுப்பதில் அல்ல என்பதால் அவரை நானே தள்ளிவைத்துவிட்டேன்.

ஆகவே பரேயாவிடம் திரும்பி வந்தேன். டல்லஸ் பயிற்றுநர் ரிக் கார்லைல், 196 சென்டிமீட்டர் தற்காப்பாளரான ஸ்டீவன்சனைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, இறுதிச்சுற்றின் நடுவில் இந்தச் சிறியவரை ஏன் இறக்கினார்? துணிச்சல் என்று அன்றைக்கு எழுதினார்கள். எனக்கு அது துணிச்சலாகத் தெரியவில்லை. எதிர்க்குழுவின் பட்டியலை நிதானமாகப் படித்த மனிதரின் வேலையாகத் தெரிகிறது. மயாமியின் முதல் ஐவரில் நட்சத்திரங்களான லெப்ரானும் (அப்போது அவர் அங்கேதான் ஆடினார்) வேடும் இருந்தார்கள்; அவர்களோடு வயதாகிவிட்ட மைக் பிபியும் இருந்தார். பிபி பந்தோடு உள்ளே பாய்கிறவர் அல்லர். வெளியே நின்று எறிகிறவர். பரேயாவை அவர்மீது நிறுத்திவிட்டு, வேடையும் லெப்ரானையும் கிட், மேரியன் போன்ற பெரியவர்களிடம் விட்டார்கள். பின்னால் வளையத்தடியில் சென்டர் டைசன் சாண்ட்லர். தாக்குதலில் பரேயா, டல்லஸின் நட்சத்திரமான நோவிட்ஸ்கியின் ஸ்கிரீனைச் சுற்றிப் பாய்ந்தபோதெல்லாம் மயாமி திணறியது. நான்காவது ஆட்டம் 86-83. ஐந்தாவது ஆட்டத்தில் பரேயாவுக்கு 17 புள்ளிகள், ஆறாவதில் 15. அவர் முதல் ஐவரில் இறங்கிய மூன்று ஆட்டங்களையும் டல்லஸ் வென்று கிண்ணத்தைத் தூக்கியது. ஆறாவது ஆட்டத்தில் மயாமி விழித்துக்கொண்டு பிபியை உட்காரவைத்து வேகமான சால்மர்ஸை இறக்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது.

முதலிலிருந்தே ஆட முடியும், ஆனால் நீ யாரை மறிப்பாய் என்பதை முதலில் சொல் என்றேன். மாமாக் கடையில் ரொட்டிச் சானாய் வாங்கிய பில்லைத் திருப்பிவைத்து, வரும் சனிக்கிழமை அவர்கள் சந்திக்கவிருந்த பள்ளியின் ஐவரை எழுதச் சொன்னேன். எழுதினான். சென்டர் ஒருவன், கை நீளமானவர்கள் இருவர், தள்ளிக்கொண்டு உள்ளே போகும் கார்ட் ஒருவன். நான்கு பெயர்களுக்கும் நேரே கோடு போட்டு வேறு நண்பர்களின் பெயர்களை அவனே எழுதினான். ஐந்தாவது பெயரிடம் நின்றான். மூலையில் நின்றபடி எறிவதைத் தவிர வேறெதுவும் செய்யாத பையனாம். “இவனை நான் பார்த்துக்கொள்வேன் மாமா” என்று சொல்லி, அந்தப் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை அதைப் பயிற்றுநரிடம் காட்டியிருக்கிறான். அவர் முழுவதையும் படித்துவிட்டு, போட்ட கோடுகள் சரிதான் என்று சொல்லி, அந்த ஐந்தாமவன் போன மாதமே ஜொகூருக்கு மாறிப் போய்விட்டான் என்றாராம். அவனுக்குப் பதில் வந்திருப்பவன் யார், எத்தனை உயரம் என்பதை விசாரித்துக்கொண்டு வரும்படி அவனையே அனுப்பியிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை அவன் பெஞ்சில்தான் உட்காருவான்.